மிச்சமான சீட்டு

டுலூத் நகரில் பிப்ரவரி.
ஏரி உறைந்துவிட்டது. இரும்புத்தாது ஏற்றும் கப்பல்கள்
துறைமுகத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கின்றன.
சலவைக்கடையின் மேல்மாடியில் லைல் ஹாகன்
முந்நூற்றுப் பன்னிரண்டு மந்திரங்களை
எட்டு அட்டைப்பெட்டிகளில் பிரிக்கிறான்.
கீழே உலர்த்தி எந்திரம் சுழலும்போதெல்லாம்
மேசையில் பகடைகள் அரை அங்குலம் நகர்கின்றன.

காப்பு, வரவழைப்பு, குறி, வசியம்,
வீச்சு, கண்கட்டு, பிணவித்தை, உருமாற்றம்.
வசியப் பெட்டியில் முன்பு இருந்தது
பதினோராம் எண் பனிக்காலணி.
ரப்பர் வாசம் இன்னும் போகவில்லை.

சுலபமானவை முதலில் போயின.
தீப்பந்து வீச்சுக்கு. கேடயம் காப்புக்கு.
தவளையாக்குவதை வாசிக்கக்கூட இல்லை,
தானாகப் போய் விழுந்தது.
பிறகு வந்தான் கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரன்.
"வரவழைப்பு," என்றான் வெண்டல்.
அவன் மாவட்ட நூலகத்தில் பட்டியல் போடுபவன்;
ஒரு புத்தகத்துக்கு ஒரே அலமாரி
என்பது அவனுக்கு மதம்.
"எங்கிருந்து வரவழைத்தோம்? அவனுக்கு ஊர் உண்டா?
நாம் கூப்பிடுமுன் யார் வீட்டில் பாத்திரம் கழுவினான்?"
என்றாள் மாவிஸ்.
அரைமணி நேரம். பீட்சா ஆறிப்போனது.

அடுத்த சீட்டை அவளே எடுத்தாள்.
காயம் ஆற்றுதல்.

லைல் சொன்னான்: வேறு உலகத்திலிருந்து
உயிர்ச்சத்தை இறக்குகிறோம், ஆகவே வரவழைப்பு.
வெண்டல் சொன்னான்: சுட்டாலும் ஆற்றினாலும்
விசை விசைதான், ஆகவே வீச்சு.
"பிணவித்தையில் போடுங்கள்," என்றாள் மாவிஸ்.

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"உயிரும் சாவும் அந்தப் பெட்டியின் கணக்கு என்றால்
இந்தப் பக்கம் வரும்போது மட்டும் பெயர் ஏன் மாறணும்?
செவ்வாய் இரவு, நாலாம் படுக்கைக்காரர்.
இரண்டு தடவை இழுத்துக்கொண்டு வந்தோம்.
மூன்றாம் தடவை வரவில்லை.
மூன்று தடவையும் நான் செய்தது ஒன்றுதான்.
அதே கை. அதே எண்ணிக்கை."

கீழே எந்திரம் நின்றது.
எவருடைய சட்டைப் பொத்தானோ
உள்ளே கடைசியாக ஒருமுறை தட்டி ஓய்ந்தது.

ஓட்டோ லிண்ட்குவிஸ்ட் தன் தாளைப் பார்த்தான்.
நெருப்பில் தேர்ந்தவன் அவனுடைய மந்திரவாதி.
விதி இதுதான்: ஒரு பள்ளியில் ஆழமாக இறங்கினால்
இரண்டு பள்ளிகளின் கதவு நிரந்தரமாகச் சாத்தப்படும்.
அவன் சாத்திய இரண்டில் பிணவித்தை ஒன்று.
பேய்க்குப் பயந்து அல்ல, தேவைப்படாது என்று நினைத்து.
"அப்படியானால் என் ஆளால்
யாரையும் ஆற்றவே முடியாதா?"
"முடியாது," என்றாள். "நீதானே தீயைக் கேட்டாய்."
பென்சிலில் எழுதிக்கொண்டான்,
பின்னால் அழிக்க வசதியாக, மிக மெல்லியதாக.

எழுத்துகளை எண்ணியவருக்கும்
இப்படி ஒரு ராத்திரி இருந்திருக்கும்.
உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு,
கூட்டிப் பெருக்கி அடுக்கியாயிற்று என்று
கையைத் தட்டிக்கொண்டு எழுந்தால்
தரையில் மூன்று புள்ளி.
உயிரிலும் ஒட்டாது, மெய்யிலும் ஒட்டாது.
தூக்கி எறியலாம் என்றால்
எஃகு நடுவில் உடைந்துபோகும்.
தனிநிலை என்று பெயர் வைத்து
தனியாகவே நிற்க விட்டுவிட்டார்.

டுலூத்தில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.
மேசையில் மூன்று பகடைகள் மட்டும்
ஒன்று மேலே, இரண்டு கீழே என்று
எந்திரத்தின் அதிர்வில் ஒதுங்கிக் கிடந்தன.

பத்தே முக்காலுக்கு மாவிஸ் கோட்டை மாட்டினாள்.
பதினொன்றுக்கு இரவுப் பணி,
வண்டிக் கண்ணாடியில் பனி சுரண்ட வேண்டும்.
கடைசித் துண்டு பீட்சாவைக் கைக்குட்டைத்தாளில் சுற்றி
யாரையும் கேட்காமல் எடுத்துப்போனாள்.

லைல் அந்தச் சீட்டை எந்தப் பெட்டியிலும் போடவில்லை.
பள்ளி என்ற இடத்தில், புள்ளியிட்ட கோட்டின் மேல்,
'மாவிஸிடம் கேட்கவும்' என்று எழுதி
ஜன்னல் சட்டத்தில் செருகினான்.
வெண்டலுக்கு உடம்பெல்லாம் அரித்திருக்க வேண்டும்.

அடுத்த சீட்டு: விளக்கேற்றுதல்.
வெண்டல் தொண்டையைச் செருமினான்.